இரண்டு ஜிபி எங்கே போகிறது? ரீசார்ஜா, ஃபைபரா என்று முடிவெடுக்கும் முன்

குமரி மாவட்டத்தில், தக்கலையை அடுத்த எங்கள் வீட்டில் மூன்று கைப்பேசிகள் உண்டு. அம்மாவுடையது ஒன்று, கல்லூரியில் படிக்கும் மகளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்றிலும் நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டத்தையே போட்டிருந்தோம். ஆனாலும் பகல் பதினொரு மணிக்குள் அம்மாவின் கைப்பேசிக்கு, அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டதென்று குறுஞ்செய்தி வந்துவிடும். என்னுடையதிலோ இரவு படுக்கப் போகும்போதும் ஒன்றரை ஜிபி மிச்சமிருக்கும். நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் அது ஒருவருக்கும் உதவாமல் கழிந்துபோகும். ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கலாம் என்றால், வேலை நிமித்தம் பகலெல்லாம் நான் மார்த்தாண்டத்தில் இருப்பவன்.

அம்மாவுக்கு இன்னும் பெரிய திட்டமாகப் போட்டுவிடுவதா, வீட்டுக்குக் கேபிள் வழியே வரும் ஃபைபர் இணைப்பு எடுப்பதா, அல்லது கேபிள் இல்லாமல் 5ஜி அலைவரிசையில் வரும் ஏர்ஃபைபரை வாங்குவதா என்ற கேள்வி இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. ஒரு வாரம் மூன்று கைப்பேசிகளையும் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று வைத்துக்கொண்டோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளுக்குள் டேட்டா பயன்பாடு என்ற இடத்தைத் திறந்தால், எந்தச் செயலி எத்தனை எம்பி எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டியதில்லை.

எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் மகள்தான் அதிகம் செலவழிப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். வாரக் கணக்கில் முதலிடம் அம்மாவுக்கு. விடிகாலையில் எழுந்ததும் யூடியூபில் பக்திப் பாடல்களைப் போட்டு, கைப்பேசியை அடுக்களைத் தட்டில், தேங்காய் எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில், குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். திரையைப் பார்க்க ஆளில்லாவிட்டாலும் கோவில் விளக்கு அலங்காரமும் தேரோட்டமும் படமாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தப் படத்துக்கும் சேர்த்தே டேட்டா கழிகிறது. நாள்தோறும் நான்கு மணிநேரம் இப்படி ஓடினால் 2 ஜிபி எப்படித் தாங்கும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இதை மட்டும் தெரிந்துகொண்டால் மற்றவற்றை அவரவரே போட்டுப் பார்த்துவிடலாம். வேகத்தை பிட்டிலும் அளவை பைட்டிலும் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே, வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணிநேரம் தொடர்ந்து வரும் எதுவும் 3,600 மெகாபிட், அதை எட்டால் வகுத்தால் 450 மெகாபைட், அதாவது 450 எம்பி எடுக்கும். 480பி தரத்தில் ஓடும் வீடியோவுக்கு ஏறக்குறைய இந்த வேகம்தான் தேவைப்படுகிறது என்பதால், அம்மாவின் நான்கு மணிநேரப் பாட்டு 1.8 ஜிபி. 720பி என்றால் மணிக்கு ஒரு ஜிபியை ஒட்டியும், 1080பி என்றால் இரண்டு ஜிபியை ஒட்டியும் போகும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே உயர்தர எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரையிலும் 4கே தரத்துக்கு 7 ஜிபி வரையிலும் ஆகலாம் என்று சொல்கிறது. அதே பாட்டை, பாட்டு மட்டும் தரும் செயலியில் 96 கிலோபிட் தரத்தில் கேட்டால் மணிக்கு 43 எம்பிதான். நான்கு மணிநேரத்துக்கு 173 எம்பி. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அசையாத ஒரே படத்தை வைத்து ஏற்றப்பட்ட பாட்டு வீடியோக்கள் இவ்வளவு எடுப்பதில்லை, ஏனெனில் மாறாத படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிடித்தவை அவையல்ல.

ஆக, எவ்வளவு நேரம் கைப்பேசியைப் பிடித்திருந்தோம் என்பதை வைத்து டேட்டாவைக் கணக்கிடுவது வீண். திரையில் படம் அசைந்ததா, எந்தத் தரத்தில் அசைந்தது என்பதே கேள்வி. மகள் இரண்டு மணிநேரம் வாட்ஸ்அப்பில் எழுதிப் பேசினாலும் அது சில எம்பியைத் தாண்டாது. ஒரு நிமிடக் குரல் பதிவு நூறு கேபியை ஒட்டித்தான் வரும். மீன்கடையில் யுபிஐ மூலம் பணம் கொடுப்பதற்கு ஆகும் டேட்டாவைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வரைபடம் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வரை போய் வந்தாலும், மின்சாரக் கட்டணம் கட்டினாலும், செய்தி வாசித்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. மின்னஞ்சலில் கோப்பு இணைத்து அனுப்பும்போது மட்டும், அது எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 15 எம்பி கோப்பு 20 எம்பியாகப் போகும். அலுவலக வேலை பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது பொருட்டல்ல.

மகளின் கணக்கில் பெரும்பங்கு ரீல்ஸ். ஒவ்வொன்றும் அரை நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் விரலைத் தள்ளியதும் அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக, நாம் பார்க்கப்போகிறோமா இல்லையா என்று தெரியாமலே அடுத்தடுத்த வீடியோக்களைச் செயலி முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. பாதியில் தள்ளிவிட்ட வீடியோவுக்கும் டேட்டா போயிருக்கும். இணைய வகுப்புகளும் குறைவாக எடுப்பதில்லை: ஜூம் செயலியைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கணக்குப்படி, பலர் சேர்ந்த வீடியோ கூட்டத்துக்கு மணிக்கு 810 எம்பியிலிருந்து 2.4 ஜிபி வரை ஆகும். வகுப்பில் நம் கேமராவை அணைத்து வைத்தால், நாம் அனுப்பும் பங்காவது குறையும்.

அனுப்புவதும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு மயினியின் (எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் அழைப்போம்) மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். தினமும் இரவு வீடியோ அழைப்பில் வருவான். ஒருநாள் மயினி என்னிடம், “அவன்தானே கூப்பிடுகான், எனக்க நெட்டு எதுக்கு தீருது?” என்று கேட்டார்கள். சாதாரணத் தொலைபேசியில் கூப்பிட்டவருக்கு மட்டுமே காசு போன காலத்தின் பழக்கம் அது. இணையத்தில் கூப்பிட்டவர், எடுத்தவர் என்ற வேறுபாடு கிடையாது. மயினியின் முகம் அங்கே போவதற்கும், மகனின் முகம் இங்கே வருவதற்கும் மயினியின் சிம்மில் கழியும்; அதேபோல் அங்கே அவனுடைய கணக்கிலும் கழியும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு நிமிடத்துக்கு நான்கைந்து எம்பி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிநேரப் பேச்சுக்கு 300 எம்பி வரை போகும். பேரப்பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேமராவை அணைத்துக் குரலில் மட்டும் பேசினால் அதே ஒரு மணிநேரம் 30 எம்பியை ஒட்டி முடிந்துவிடும். முகம் பார்க்கத்தானே அழைப்பே என்று மயினி சொன்னார்கள்; அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேரடித் தொலைபேசி அழைப்பு, அது 4ஜி வழியாகப் போனாலும், அன்றாட டேட்டா அளவில் கழிக்கப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வளைகுடா வருமானத்தில் எழுந்த வீடுகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது: வீட்டு வாசலில் கண்காணிப்புக் கேமரா. அங்கிருந்தபடியே வீட்டைப் பார்க்கலாம் என்று வைக்கிறார்கள். பதிவான படம் வீட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் சேமிக்கப்பட்டு, யாராவது திறந்து பார்க்கும்போது மட்டும் படம் போகும் வகையாக இருந்தால் கவலையில்லை. படம் முழுவதையும் இரவு பகலாக இணையத்தில் ஏற்றிவைக்கும் வகை என்றால், வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் நாளொன்றுக்கு 10.8 ஜிபி. எந்த ரீசார்ஜ் திட்டமும் இதற்கு ஈடுகொடுக்காது. இப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்கள் மேற்கொண்டு ஒப்பீடு எதுவும் பார்க்காமல் ஃபைபர் எடுத்துவிடலாம்.

இனி, நாம் எதுவும் செய்யாமலே கழியும் டேட்டா. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். எடுத்த புகைப்படங்களை எல்லாம் கூகுள் போட்டோஸ் மொபைல் டேட்டாவில் ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். செயலிகளைப் புதுப்பிப்பதை வைஃபையில் மட்டும் என்று மாற்றிவைக்க வேண்டும். மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறவர்கள், அது அளவு வரம்புள்ள இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்லிவைக்காவிட்டால், ஒரே புதுப்பிப்பில் அன்றைய பங்கு முழுவதும் போய்விடும். என் ஒன்றரை ஜிபி மிச்சம் ஒருமுறை மாயமானது இப்படித்தான்.

அளவு தீர்ந்த பின் இணைப்பு அறுந்துவிடுவதில்லை. வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும் என்பதே பெரும்பாலான திட்டங்களின் நிபந்தனை. அதாவது வினாடிக்கு 8 கேபி. எழுத்துச் செய்தி போகும். 3 எம்பி புகைப்படம் ஒன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேலாகும். வீடியோவை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வருவோம். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாயாகவும், 1.5 ஜிபி திட்டம் 299 ரூபாயாகவும் ஆயின. இந்த விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒப்பிடும் முறையைக் காட்டவே இவற்றை எடுத்துக்கொள்கிறேன். 28 நாளை ஒரு மாதம் என்று நினைப்பது நம்மில் பலரும் செய்யும் தவறு. ஆண்டுக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். மூன்று கைப்பேசிக்கு 349 வீதம் பதின்மூன்று முறை என்றால் 13,611 ரூபாய்.

ஃபைபரில் ஜியோவின் தொடக்கத் திட்டம் வினாடிக்கு 30 மெகாபிட் (30 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நாங்கள் கணக்குப் பார்த்தபோது மாதம் 399 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 471, ஆண்டுக்கு 5,652. கைப்பேசித் திட்டங்களின் விலையில் வரி அடங்கியிருக்கும், ஃபைபர் விளம்பரத்தில் பெரும்பாலும் அடங்கியிராது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபைபர் வந்த பின்னும் கைப்பேசிகளுக்கு ரீசார்ஜ் வேண்டும். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத அம்மாவுக்கு, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டம் போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்ட பிறகே இவ்வகைத் திட்டங்களை நிறுவனங்கள் தனியாக வெளியிட்டன. 2025 தொடக்கத்தில் இவ்வகையில் ஏர்டெலின் 365 நாள் திட்டம் 1,849 ரூபாயாக இருந்தது. மகளுக்கும் எனக்கும் வெளியே டேட்டா வேண்டும் என்பதால் 299 திட்டமே இருவருக்கும்; அது 7,774. எல்லாம் சேர்ந்து 15,275 ரூபாய்.

ஆக ஃபைபர் வழி ஆண்டுக்கு 1,664 ரூபாய் கூடுதல், மாதத்துக்கு 139. ஃபைபர் எடுத்தால் செலவு குறையும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எங்கள் வீட்டளவில் குறையவில்லை. ஆனால் கிடைப்பது என்ன என்று பார்த்தால் கதை வேறு. மூன்று சிம்மிலும் சேர்த்து நாளுக்கு 6 ஜிபி, அதுவும் ஒருவர் மிச்சத்தை மற்றவர் எடுத்துக்கொள்ள முடியாத 6 ஜிபி என்பதற்கு எதிராக, ஃபைபரில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகத்தில் கிடைக்கிறது. நாளுக்கு 110 ஜிபி. அம்மாவின் பாட்டு, மண்டைக்காடு மாசிக் கொடையின் நேரலை, மகளின் வகுப்பு, இரவில் டிவியில் ஒரு படம் என்று எல்லாம் ஓடினாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம்.

வேகத்துக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பதும் என் துணிபு. 1080பி வீடியோவுக்கு ஐந்து மெகாபிட் போதும். 4கே டிவிக்குப் பதினைந்து. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். நூறு, இருநூறு என்று வேகத்தை உயர்த்திக் கட்டணத்தை உயர்த்துவது, பெரிய கோப்புகளை நாள்தோறும் ஏற்றி இறக்கும் தொழில் செய்பவர்களுக்கே பயன்படும்.

ஃபைபருக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. நம் மாவட்டத்தில் கேபிள் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே தொங்கித்தான் வருகிறது. சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனை அயனி மரக் கிளை முறிந்து கேபிள்மேல் விழுந்தது. அப்போது இணைப்பு எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் நான்கு நாள் புகார் எண்ணாக வாங்கிக் குவித்தேன். ஐந்தாம் நாள் கேபிளை ஒட்டிவிட்டுப் போனவர், உள்ளூரில் இணைப்புகளைக் கவனிக்கும் தம்பி. அவருடைய எண்ணை முதல் நாளே வாங்கி வைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். மின்சாரம் போனால் மோடமும் நிற்கும் என்பதால், மோடத்துக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்களும் மரங்களும் சாய்ந்து நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், கைப்பேசியில் டேட்டாவே இல்லாமல் ஃபைபரை மட்டும் நம்பி இருக்க மாட்டார்கள்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் தோட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடுகளுக்குக் கேபிள் இழுக்க ஆள் கிடைப்பது அரிது. அங்கே ஏர்ஃபைபரைப் பார்க்கலாம். ஜியோவின் ஏர்ஃபைபரில் மாத வரம்பு 1,000 ஜிபி. வீட்டுக்கு அதுவும் போதும். ஆனால் கூரைமேல் வைக்கும் கருவிக்கு 5ஜி சிக்னல் கிடைத்தாக வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கிறதென்றால் அதற்கும் முன்னால் இன்னொரு மலிவான வழி இருக்கிறது: நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு வரம்பற்ற 5ஜி என்று 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெலும் அறிவித்தன. 5ஜி கைப்பேசி கையில் இருந்தால், அந்த அலைவரிசையில் இருக்கும்வரை 2 ஜிபி கழிவதே இல்லை. பள்ளத்தில் இருக்கும் வீட்டிலோ, கனத்த சுவருக்குள்ளோ சிக்னல் 4ஜிக்கு இறங்கினால் கழியத் தொடங்கிவிடும். எங்கள் அடுக்களையில் இருப்பது 4ஜி. அம்மாவின் பழைய கைப்பேசியும் 4ஜி. எனவே எங்களுக்கு அது உதவவில்லை.

தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் நிலை இவை எதிலும் அடங்காது. வாரக்கணக்கில் கடலில் இருப்பவருக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தரும் திட்டத்தில் பெரும்பகுதி சிக்னலே இல்லாத இடத்தில் வீணாகக் கழிகிறது. மொத்தமாக இத்தனை ஜிபி, காலம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வகைத் திட்டமே அவருக்குப் பொருந்தும். புறப்படும் முன் காற்றும் கடலும் எப்படியென்று பார்க்கவும், கரை திரும்பியதும் வீட்டுக்கு வீடியோவில் வரவும் அது போதும்.

தனியாக இருக்கும் முதியவர்கள், செய்தி வாசிப்பதோடும் வாட்ஸ்அப்போடும் நிறுத்திக்கொள்பவர்கள், நாள் முழுவதும் வெளியில் அலைபவர்கள் ஃபைபர் எடுப்பது வீண்செலவு. வீட்டுக்குள் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் வீடியோ ஓடுகிறதென்றால், அது யார் திரையில் ஓடினாலும், ஃபைபரே கட்டுப்படியாகும். நாங்கள் ஃபைபர் எடுத்தோம். அம்மாவுக்குப் பாட்டுச் செயலி ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, விளக்கு அலங்காரம் வரவில்லையே என்று பழைய வீடியோவுக்கே திரும்பிவிட்டார்கள். கைப்பேசி இன்றும் எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் குப்புறத்தான் கிடக்கிறது.